அடுத்த புள்ளியைப் பார்

சிக்குக் கோலம் போடத் தெரிந்த பெண்ணை யாரும் ஓவியர் என்று சொல்வதில்லை. "அந்தம்மா நல்லாக் கோலம் போடும்" என்பார்கள், அவ்வளவுதான். கரித்துண்டு, மை, நீர்வண்ணம் என்று பழகி, வரைவதையே பிழைப்பாகக் கொண்ட நான், நடுவயதில் அந்தப் பெண்களிடம் மாணவியாகப் போய் நின்றேன். அவர்கள் செய்வது முழுமையான வரைகலை. அதை வரைகலையாகவே மதித்துக் கற்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் மலாக்கா பட்டணத்திலிருந்து ஜாசினைத் தாண்டி அசகான் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் செம்பனைதான். ஒரு காலத்தில் இது கித்தா எனப்படும் ரப்பர்க் காடு. 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று அது. பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். இப்படிப் பெருகிய தோட்டங்களுக்குப் பால்வெட்ட, கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டி வந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பெண்களோடு கோலமும் அவர்கள் குடியிருந்த லயத்து வாசலுக்கு வந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியவர்களுக்குத் தினமும் கோலம் போட நேரம் ஏது? வெள்ளிக்கிழமை, பொங்கல், தீபாவளி, கோயில் திருவிழா என்று கிடைத்த நாள்களில் போட்டார்கள். போட்டு, மகளுக்கும் மருமகளுக்கும் காட்டிக் கொடுத்தார்கள்.

எனக்குக் கற்றுக் கொடுத்த ஆயா பால்வெட்டி ஓய்ந்தவர். வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, "மொதல்ல புள்ளி வை. கோட்டுக்கு என்னம்மா அவசரம்?" என்றார். ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி. நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைந்து மொத்தம் 37 புள்ளிகள். அளவுகோலும் இல்லை, நூலும் இல்லை. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணும் குனிந்த முதுகும் தீர்மானிக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நின்று குனிந்து பார்க்கும்போது எட்ட இருக்கும் வரிசைகள் நெருங்கித் தெரியும், காலடியில் இருப்பவை விலகித் தெரியும். காகிதத்தில் தூரத்தைக் காட்ட ஓவியன் இந்த மாறுபாட்டைப் பழகுகிறான். கோலம் போடுகிறவர் அதையே மனத்துக்குள் கழித்துவிட்டு, மேலிருந்து பார்த்தாலும் கட்டம் பிசகாதபடி வைக்கிறார். பள்ளியில் பாடமாகப் படித்தால் பெரிய பெயர் இருக்கும் திறமை இது. ஆயாவுக்கு அது வெறும் "கண்ணு".

மாவும் பாடத்தில் சேர்ந்ததுதான். கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் அரிசி மாவு ரொம்ப நைசு. இந்த ஊர் ஈரக்காற்றில் விரலில் அப்பிக்கொள்ளும். ஆயா பச்சரிசியைக் கழுவிக் காயவைத்துக் கொரகொரப்பாக அரைக்கிறார். அதில் சலித்த மணல் கொஞ்சம் கலக்கிறார். உள்ளங்கையில் மாவு, மூன்று விரல்கள் அதைத் தாங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் உருட்டித் தள்ளும். கறிக்கு உப்புத் தூவுவதுபோல் உதறினால் கோடு சிதறிவிடும். கை தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும், ஒரே வேகத்தில் நகர வேண்டும். வளைவில் தயங்கினால் மாவு குவிந்து கோடு தடிக்கும், விரைந்தால் இழை அறுந்துபோகும். பென்சிலைப் போல மணிக்கட்டால் இதைச் செய்ய முடியாது. தோளும் இடுப்பும் சேர்ந்து வளைய வேண்டும்.

"கையப் பாக்காத, அடுத்த புள்ளியப் பாரு." ஆயா அடிக்கடி சொன்னது இதைத்தான். ஓவியப் பயிற்சியில் நாங்கள் மெல்லிய கோடுகளால் தேடுவோம். பத்துக் கோடு போட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்போம். இங்கே தேடலெல்லாம் கை இறங்குமுன் முடிந்துவிட வேண்டும். ஈரத்தரையில் விழுந்த மாவைத் துடைத்தால் வெள்ளைக் கறை நிற்கும். ஆயா முழுப் படத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கோடு புள்ளியைத் தொடக்கூடாது, ஒரு புள்ளியின் இந்தப் பக்கம் போனால் அடுத்ததன் அந்தப் பக்கம் போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். அவர் கையில் இருப்பது இந்த விதிகள்தான். அதனால்தான் இதுவரை போடாத அளவையும் அவரால் தயங்காமல் போட முடிகிறது.

ஒருநாள் நேர்ப்புள்ளியில் நாலுக்கு நாலு வைத்துக் காட்டினார். சிக்கு நான்கு தனித்தனி இழைகளாகப் பிரிந்தது. "ஒரே இழை வேணும்னா நாலுக்கு அஞ்சு வை" என்றார். வைத்தேன். தொடங்கிய இடத்துக்கே ஒற்றை இழையாக வந்து சேர்ந்தது. இதற்குப் பின்னால் திட்டமான கணக்கு இருக்கிறது. இப்படி முழுதும் பின்னிய செவ்வகக் கட்டத்தில் எத்தனை இழை வரும் என்பது, வரிசையின் எண்ணுக்கும் நிரையின் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிதான். நாலும் ஆறும் என்றால் 2, நாலும் ஐந்தும் என்றால் 1. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் முதலில் புள்ளி வைத்து, பிறகு விரலால் இழை வரைந்தபடி கதை சொல்வார்கள். சோனா எனப்படும் அந்த வரைவுகளை மொசாம்பிக்கின் கணித அறிஞர் பாவ்லுஸ் கெர்தெஸ் ஆராய்ந்தார். அவற்றிலும் இதே விதி உண்டு. நம் கோலத்தை எடுத்துக்கொண்டு தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இல் கணினி வரைகலை ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். கோலத்தின் அமைப்பைக் கணினி மொழி இலக்கணமாக எழுதிக் காட்டிய முன்னோடி வேலை அது. இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, என் ஐந்தாம் வரிசையில் ஒரு புள்ளி தள்ளியிருப்பதைக் காலால் காட்டினார்.

பட்டணத்தில் தொழில் வேறு மாதிரி நடக்கிறது. தீபாவளி நெருங்கும்போது பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் பல அடி அகலத்துக்கு வண்ண அரிசிக் கோலம் போடப் பெண்கள் குழுவாகப் போகிறார்கள். நொய்யரிசியில் சாயம் கலந்து நிழலில் உலர்த்தி, சுண்ணக்கட்டியால் உருவம் வரைந்து, பிடிபிடியாக நிரப்புகிறார்கள். மயில், குத்துவிளக்கு, தாமரை. கடை மூடிய பிறகு இரவெல்லாம் முழங்காலிட்டு வேலை. சாயம் ஒட்டிய விரல்களோடு தேநீர் குடித்துக்கொண்டே, "முட்டிதான் அக்கா போயிடுது" என்றார் ஒருவர். வண்ணங்களை அடுத்தடுத்து வைப்பதில் அவர்களுக்குள்ள தேர்ச்சியைப் பார்த்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தக் குழுவின் இளம்பெண்களில் புள்ளி வைத்து இழை இழுக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். வேலை கொடுப்பவர் கேட்பது மயிலைத்தான்.

வாசலும் மாறிவிட்டது. தோட்டத்தைவிட்டு வந்தவர்கள் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் மாவு நிற்காமல் வழுக்குகிறது, காருக்கு இடம் போக மிச்சமும் இல்லை. ஒட்டும் கோலம் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். கோலம் அழியாமல் இருப்பது போலத் தெரியும். வீட்டில் ஒருவரும் வரைவதில்லை.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றுக்கும் அருகில் இப்படி ஓர் ஆயா இருப்பார். ஓவிய வகுப்புக்கு அவரை அழையுங்கள். சும்மா பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுத்து, பிள்ளைகளை அவர் பக்கத்தில் குனிந்து நிற்க வையுங்கள். பையன்களும் நிற்கட்டும். கோலப் போட்டி நடத்தும் கோயில்களும் சங்கங்களும் வண்ண அரிசிக்கு ஒரு பரிசு வைத்தால், வெள்ளை மாவில் ஒற்றை இழைச் சிக்குக்கு இன்னொரு பரிசு வையுங்கள். அதற்கு மதிப்பெண் போடும் நடுவர் கோலம் முடிந்த பிறகு வந்து சுற்றிப் பார்க்க வேண்டாம். முதல் புள்ளி விழும்போதே வந்து பக்கத்தில் நிற்கட்டும்.