மீட்டருக்காகத் திருகிய ஸ்க்ரூ

கருவடிக்குப்பத்தில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். எஞ்சினுக்குத் தக்கபடி மீட்டரை அமைக்காமல், மீட்டருக்குத் தக்கபடி எஞ்சினைத் திருகி வைத்தேன். கூலியும் வாங்கிக்கொண்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை, தெரிந்தேதான் செய்தேன்.

வண்டி, பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப். உள்ளே பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின். வண்டிக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. இந்திய ஜீப்பில் பிரெஞ்சு எஞ்சின் ஓடுவதில் அவருக்குத் தனிப் பெருமை. கடையில் வாங்கிய டிஜிட்டல் டேஷ்போர்டு ஒன்றைக் கொண்டுவந்து, “ஆர்பிஎம் காட்டணும் தம்பி, அதான் முக்கியம்” என்றார். “சின்ன வேலைங்கய்யா, சாயங்காலம் வண்டிய எடுத்துக்கலாம்” என்றேன். அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

அந்த டேஷ்போர்டு பெட்ரோல் வண்டிக்காகச் செய்தது. நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இக்னிஷன் காயிலில் இரண்டு துடிப்பு வரும். அதை எண்ணித்தான் சுற்றைக் காட்டுகிறது. டீசலில் ஸ்பார்க்கே கிடையாது. ஆகவே ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும். பன்னிரண்டு துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்பு தரும். புல்லியின் அளவு வித்தியாசத்தால் அது எஞ்சினைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்றும். ஆக, எஞ்சினின் ஒரு சுற்றுக்குப் பதினைந்து துடிப்பு. ஸ்லோ ஸ்பீடு 800 என்றால் நிமிடத்துக்கு 12,000 துடிப்பு போகும். டேஷ்போர்டு அதை இரண்டால் வகுத்து 6,000 என்று காட்டும். நின்ற இடத்தில் ரேஸ் கார் ஆகிவிடும் ஜீப்.

நடுவில் துடிப்பைக் குறைக்கும் சின்ன சர்க்யூட் ஒன்று வேண்டும். டபிள்யூ முனையில் வரும் மின்னழுத்தத்தை ரெசிஸ்டரும் ஜீனர் டையோடும் போட்டு அடக்கி, கவுண்டர் ஐசி வழியாக அனுப்பினால் போதும். பதினைந்தால் வகுத்து, டேஷ்போர்டில் சுற்றுக்கு ஒரு துடிப்பு என்று வைத்தால் கணக்கு நேராகும். என் டப்பாவில் இருந்ததோ 4017 ஐசி. அது பத்தால் வகுப்பது. பதினைந்தைப் பத்தால் வகுத்தால் ஒன்றரை. டேஷ்போர்டில் ஒன்று உண்டு, இரண்டு உண்டு, ஒன்றரை இல்லை. வேறு ஐசி வாங்க டவுனுக்குள் போகச் சோம்பல். மறுநாள் விடிகாலை அவர் கொல்லிமலைக்குக் கிளம்புகிறார். சாயங்காலம் என்று சொல்லியும் ஆகிவிட்டது.

இரண்டு என்று வைத்தேன். திரையில் 600 வந்தது. 600-இல் இந்த எஞ்சின் உதறும், அவருக்கே தெரிந்துவிடும். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகினேன், திரையில் 800 வரும்வரை. அப்போது எஞ்சின் உண்மையில் ஓடியது 1,060-க்கும் மேலே. சத்தம் ஏறியதை என் காது சொன்னது. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். “அருமையா காட்டுது தம்பி” என்று கேட்டதற்கு மேல் நூறு ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கூடுதல் டீசல் குடித்ததோடு விஷயம் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊர் திரும்பியவர், எழுபது கொண்டையூசி வளைவையும் பிரேக்கை அதிகம் தொடாமல் இரண்டாவது கியரில் இறங்கிய கதையைச் சந்தோஷமாகச் சொன்னார். “3,500-ஐத் தாண்டவே விடல. உன் மீட்டரப் பாத்துக்கிட்டேதான் இறங்கினேன்.” அவர் பார்த்த 3,500-க்கு உண்மைக் கணக்கு 4,600-க்கு மேல். 4,500-ஐ ஒட்டி எல்லை வைத்த எஞ்சின் அது. டீசல் பம்ப்பில் கவர்னர் இருக்கிறதே என்பார்கள். கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும். இறக்கத்தில் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மீட்டர் இல்லாத காலத்தில் அவர் எஞ்சின் சத்தம் கேட்டு ஓட்டியவர். சத்தத்தை நம்பாமல் திரையை நம்ப வைத்தது நான். மீட்டரே போடாமல் அனுப்பியிருந்தால் பத்திரமாக இறங்கியிருப்பார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். “பெல்ட் ஒயர் எல்லாம் ஒரு தடவ பாத்துருவோம்” என்று மழுப்பி வண்டியை நிறுத்தி வைத்தேன். பதினைந்தால் வகுக்கும்படி சர்க்யூட்டை மாற்றி, ஸ்க்ரூவைப் பழைய நிலைக்கு இறக்கி, கிராங்க் புல்லியில் ஸ்டிக்கர் ஒட்டி லேசர் டேக்கோமீட்டரால் ஒத்துப் பார்த்த பிறகுதான் வாய் வந்தது. முழுதும் கேட்டார். திட்டவில்லை. “எஞ்சினுக்கு ஏதாவது ஆயிருந்தா யாரச் சொல்லியிருப்ப?” என்று மட்டும் கேட்டார். வண்டி பழசு என்று சொல்லியிருப்பேன். அதையும் அவரிடம் சொன்னேன். கூலியைத் திருப்பிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். வேறு வேலைக்கு வண்டி இன்னும் வரவில்லை.

டபிள்யூ முனையிலிருந்து ஒயர் இழுத்து நான் மீட்டர் மாட்டிய டீசல் வண்டிகள் வேறும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றையும் டேக்கோமீட்டர் வைத்து நான் ஒத்துப் பார்த்ததில்லை. வைத்திருப்பவர்கள் கடைக்குக் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம். அதுவரை மீட்டரைப் பார்த்து மலை இறங்காதீர்கள்.