மூளையின் வேலி

பாரிசவாதம் என்றதும் சோர்ந்த கைகால்களையே பார்க்கிறோம். கேடு நிகழ்வதோ மூளையில். அம்மூளைக்கு ஒரு தனிக்காவல் உண்டு.

ஜெர்மானிய அறிஞர் பவுல் ஏர்லிக் 1885ஆம் ஆண்டளவில் பிராணிகளின் உடலிற் சாயஞ் செலுத்தி ஆராய்ந்தார். ஏனைய உறுப்புகள் நிறம் பெற்றன; மூளை பெறவில்லை. அதன் நுண்ணிய குருதிக் குழாய்களின் கலங்கள் இறுகப் பிணைந்து வேலியாய் நிற்பதே காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று.

இரத்தக்கட்டி குழாயை அடைத்தால், பிராணவாயுவின்றி அவ்வேலியும் தளர்கிறது. நீர் கசிந்து மூளை வீங்குகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துள் ஏற்றவேண்டும். பிந்தினால், சிதைந்த குழாய்களினூடே குருதி பெருகி மருந்தே வினையாகலாம்.

என் பெரியம்மாவை மறுநாட் காலையிலேதான் வைத்தியசாலையிற் சேர்க்க முடிந்தது. அவர் இன்று இடக்கையால் உண்கிறார். வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், விடியட்டும் என்று காத்திராதீர்கள்.