இரு சுரங்கங்களுக்கு நடுவே

ஜப்பானின் வடகோடித் தீவு ஹொக்கைடோ. அங்கே கடலோர மலைகளைக் குடைந்து செல்லும் முரொரான் இருப்புப் பாதையில், இரு சுரங்கங்களுக்கு இடைப்பட்ட சிறு வெளியில் அமைந்துள்ளது கொபொரோ நிலையம். நிலைய அதிபர் இல்லை. வாகனம் செல்லச் சாலை இல்லை. அருகில் குடியிருப்போரும் இல்லை. நாள்தோறும் சில இரயில்களே நின்று செல்கின்றன. எதிரெதிர் வரும் இரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதற்காக 1943-இல் ஏற்பட்ட இடம் அது. 1987-இல் முறையான நிலையமாயிற்று.

2015-இல் இரயில்வே நிறுவனம் அதனை மூட எண்ணியது. வருவாயை மட்டும் நோக்கினால் அது நியாயமே. ஆனால் அந்தத் தனிமையைக் காண்பதற்கென்றே தொலைவிலிருந்து மக்கள் வருவதை உணர்ந்த தொயோஉரா என்னும் சிறு நகராட்சி, 2016-இல் பராமரிப்புச் செலவைத் தானே ஏற்றது. நிலையம் பிழைத்தது. மக்கள்தொகை குறைந்துவரும் ஊருக்கு இஃது எளிய காரியமன்று. கணக்கேட்டில் பயனற்றதாய்த் தோன்றியதைத் தங்கள் செல்வமெனக் கண்ட அவ்வூராரின் பார்வை, நம் சிந்தனைக்கும் உரியதன்றோ!