ஐந்து நிமிடங்கள்

உயிர் 'பிரிந்தது' என்கிறோம், ஒரே கணத்தில் நடந்து முடிகிற காரியம்போல. அந்தக் கணத்தை அத்தனை எளிதாகச் சுட்டிக்காட்ட முடியாதபடி செய்தவை நாம் கண்டுபிடித்த கருவிகள்தாம் என்று தோன்றுகிறது.

1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பியார்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு தரும் முறையைக் கையாண்டார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். பின்னாளில் அந்தக் கைகளின் வேலையை வென்டிலேட்டர் ஏற்றுக்கொண்டது. மூச்சைப் பிறர் தரலாம் என்றானபின், மூச்சு நிற்பது மட்டும் மரணத்தின் அடையாளமாக இருக்க முடியவில்லை. 1968-இல் ஹார்வர்ட் குழு மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது.

ஆனால் மூளைச்சாவு அடையாமலும், மீள வழியில்லாமலும் கிடப்பவர்கள் உண்டு. மேலைநாடுகளில் குடும்பத்தின் முடிவுப்படி அவர்களுடைய வென்டிலேட்டர் நீக்கப்படுகிறது. இதயம் நின்றபின் சற்றுப் பொறுத்து உறுப்புகளை எடுக்கிறார்கள். எவ்வளவு பொறுப்பது? 1992-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நெறிமுறை இரண்டு நிமிடம் என்றது. 1997-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் ஐந்து நிமிடம் என்றது. 2008-இல் டென்வர் மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையில், இரண்டு சிசுக்களுக்கு எழுபத்தைந்தே விநாடி. அந்தச் சிறு இதயங்கள் வேறு குழந்தைகளின் மார்பில் மீண்டும் துடித்தன.

அப்படியானால் அவை மீளாமல் நின்றவைதாமா? மருத்துவம் தருகிற விடை நுட்பமானது: அந்த உடலில் அது தானாகத் துடிக்கப் போவதில்லை, யாரும் துடிக்கவைக்கப் போவதுமில்லை. முதல் பாதி உடலின் செய்தி. இரண்டாம் பாதி மனிதர்கள் எடுத்த முடிவு. மரணத்தின் இலக்கணத்துக்குள் நம் சம்மதமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தியாவில் இறந்தவரிடமிருந்து பெறும் உறுப்பு தானம் பெரும்பாலும் மூளைச்சாவுக்குப் பின்னரே நடக்கிறது. ஆகவே உறுப்பு தான அட்டையில் நான் கையெழுத்திட்டபோது இந்தக் கேள்வி எழவில்லை. இதையெல்லாம் படித்தபின் மனைவியிடம் சொன்னேன். அவள் இலக்கணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த அஞ்சு நிமிஷம் நான் உங்க கையைப் பிடிச்சிட்டு இருக்கலாமா?" என்றாள்.

முடிந்ததும் உடனே கையை விட்டுவிட வேண்டும், அழுவதற்குக்கூட நேரமிராது. தானம் என்று நாம் புகழ்வதில் பாதி, இறந்தவர் தருவதன்று. அருகிலிருப்பவர் விட்டுத்தருகிற அந்த நேரம். அட்டை இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதில் அவளுடைய கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதை அவளே தீர்மானிக்கட்டும்.