திரும்பி வரும் அலை

ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களிடம் டம்மி லோட் என்று ஒன்று இருக்கும். ஒரு டப்பாவுக்குள் 50 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். டிரான்ஸ்மிட்டரை அதில் மாட்டினால் வருகிற பவர் மொத்தத்தையும் வாங்கிச் சூடாக்கிவிடும். எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் 1 காட்டும். அதைவிட நல்ல எண் கிடையாது. ஆனால் நாம் பேசுவது வெளியே யாருக்கும் கேட்காது.

ஆண்டெனா அப்படியில்லை, வெளியே நிற்கிறது. என்னுடையது 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோல். சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் கேபிள். நீளம், உயரம், பக்கத்திலிருக்கும் இரும்புக் கிராதி எல்லாமே அதன் இம்பிடன்ஸை மாற்றும். எஸ்.டபிள்யூ.ஆர் 3 என்றால் போகிற பவரில் கால்வாசி திரும்பி வருகிறது என்று அர்த்தம். போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து கேபிளில் சில இடங்களில் வோல்டேஜ் ஏறும், சில இடங்களில் கரண்ட் ஏறும். பழைய வால்வு செட்டுகள் இதை ஓரளவு தாங்கின. டிரான்சிஸ்டருக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால் இன்றைய செட்டுகள் திரும்பி வருவதை அளந்து, தானாகவே பவரைக் குறைத்துக்கொள்கின்றன.

அம்மா போன பிறகு நானும் அப்பாவும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" அதற்குமேல் எதைக் கேட்டாலும் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று திரும்பி வரும். ரெண்டு பேரும் பவரைக் குறைத்துக்கொண்டோம். நண்பர்களிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டுவேன். அங்கே மீட்டர் எப்போதும் 1.

டியூனர் என்று ஒரு பெட்டி உண்டு. காயிலும் கெபாசிட்டரும் கொண்டு செட்டுக்கு 50 ஓம் தெரியும்படி செய்யும். செட் தைரியமாக முழு பவர் கொடுக்கும். ஆனால் அந்தப் பெட்டி செட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், கேபிளில் அலை திரும்புவது அப்படியேதான் இருக்கும். ஆண்டெனாவும் மாறியிருக்காது. அதைச் சரிசெய்ய மாடிக்குத்தான் போகணும்.

கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே கட்டி, ரெண்டு பக்கமும் சமமாக வெட்டி வெட்டி அளப்பார்கள். ஒரு ஆள் கீழே மீட்டர் பார்க்கணும், ஒரு ஆள் மேலே. அப்பா மேலே வந்தார். நாலாவது வெட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே, "இந்தக் கம்பத்துலதான் உங்கம்மா கொடி கட்டுவா" என்றார். பிறகு மீட்டரை மறந்துவிட்டு இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது எஸ்.டபிள்யூ.ஆர் 1.4. நூற்றில் சுமார் 3 பங்கு இன்னும் திரும்பித்தான் வருகிறது. அதை செட் தாங்கிக்கொள்கிறது.