குழம்பு கெட்டியா, தண்ணியா?

வெள்ளி இரவு, தருமபுரி

போன மாதம் பெங்களூரில் தம்பி மகள் தன் முதல் சம்பளத்தில் எங்களை ஒரு பிரெஞ்சு பிராஸரிக்குக் கூட்டிப்போனாள். உட்கார்ந்ததும் வெள்ளைச்சட்டைப் பையன் கேட்டது, "தண்ணீர் ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" அந்த ஊர் குடிப்பதே காவிரித் தண்ணீர்தான்; அதில் இரண்டு ஜாதி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. பிராஸரி என்றால் பீர் காய்ச்சும் இடமாம். 1870 போரில் அல்சாஸ் ஜெர்மனியிடம் போனபின் அங்கிருந்து பாரிசுக்குக் குடிவந்தவர்கள் இந்தக் கடைகளைப் பெருக்கினார்கள். அவர்களில் லிப் என்பவர் 1880இல் திறந்தது இன்னும் நடக்கிறது. மீன் வந்தது. வெண்ணெயும் எலுமிச்சையும் மணக்க, நல்ல ருசிதான். மனைவி என் காதில், "தலை எங்கங்க?" என்றாள்.

பதில் விருந்துக்கு நாளைக்கு ஒகேனக்கல்.

சனி, ஒகேனக்கல்

பென்னாகரம் தாண்டி மலையிறங்கும்போதே தம்பி மகளுக்குக் குமட்டல். டீக்கடையில் முதலில் தண்ணீர் நிலவரம் கேட்டேன். மேலே பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரியின் கனஅடி ஏறினால் இங்கே பரிசலும் குளியலும் நின்றுவிடும். இன்று தடை இல்லை.

கட்லா, ரோகு, கெளுத்தி, ஜிலேபி என்று பரப்பியிருந்தார்கள். ஐஸில் கிடந்து கண் வெளுத்ததும் அதில் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுப்பவன் ஏமாளி. ஒன்றரைக் கிலோ கட்லா எடுத்து வெட்டச் சொன்னேன். தலை தனியாக.

சமைத்துக் கொடுக்கும் பெண்கள் வரிசையாக அடுப்போடு இருந்தார்கள். ஓரமாக இருந்த அம்மா பையை வாங்கிக் கையாலேயே எடை பார்த்தார்.

"குழம்பு கெட்டியாங்க, தண்ணியாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டியாக, பாதி வறுவலுக்கு என்றேன். எண்ணெய், புளி, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி என்று அவர் சொல்லச் சொல்ல மகள் போனில் தட்டினாள். "எழுதாத கண்ணு. ஒன்றரை கிலோ மீனுன்னு சொல்லு, கடையில அவங்களே கட்டிக் குடுத்துருவாங்க."

எண்ணெய் தேய்ப்பு, அருவி, பரிசல் எல்லாம் வழக்கம்போல. முன்பு மூங்கில் கூடைமேல் தோல் போர்த்தியிருப்பார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. பசியோடு திரும்பினால் குழம்பு இன்னும் கொதிக்கவில்லை. நல்லதாயிற்று, பார்க்கக் கிடைத்தது. வெங்காயத்தைக் கல்லில் வைத்து ஒரே தட்டு, அரைபடாமல் நசுங்கியது. புளித்தண்ணீர் கொதித்து, பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிந்த பிறகே மீனை இறக்கினார். அப்புறம் கரண்டி போடவில்லை. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். ஆற்றுக்காற்று திரும்பி அடுப்புப் புகை எங்கள் முகத்தில் அடித்தது. "கன்னடத்துல ஹொகேன்னா புகை, பெரியப்பா. புகையுற கல்லுதான் ஒகேனக்கல்," என்றாள் பெங்களூர்க்காரி, கண்ணைக் கசக்கிக்கொண்டே. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அருவியின் சாரல். இன்றைக்கு எங்கள் கண்ணில் பட்டது விறகுப் புகை.

இலை போட்டார். "தலை யாருக்குங்க?"

மனைவி பதில்கூடச் சொல்லவில்லை, இலையை முன்னால் தள்ளினாள்.

நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கம்மா என்றேன். "காலையிலருந்து இந்த வாசனையிலயே கெடக்கறனுங்க. எனக்குத் தயிர்சோறுதான் எறங்கும்." கூலி கிலோக் கணக்கில். ஆடி, ஆவணியில் வெள்ளம் வந்து தடை போட்டால் அடுப்பே மூட்ட முடியாதாம், பத்து நாளானாலும். அப்போது என்ன செய்வீர்கள் என்று மகள் கேட்டாள். "ஆத்தப் பாத்துக்கிட்டு இருப்போம்."

ஞாயிறு

மிச்சக் குழம்பைத் தூக்குவாளியில் பெங்களூருக்கே எடுத்துப் போய்விட்டாள். மறுநாள் மீன்குழம்பு. கொடுத்திருக்கக் கூடாது.