பழைய பொட்டியும் கல்யாண கேசட்டும்

பரணில் கிடக்கும் கல்யாண கேசட்டை யாரும் அவசரப்பட்டுத் தேடுவதில்லை. வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போன பிறகுதான் தேடுவார்கள். புகைப்படம் சுவரில் தொங்கும்; அவர் நடந்ததும் பேசியதும் அந்தக் கறுப்பு டப்பாவுக்குள் மட்டும்தான் இருக்கும். ஆனால் நாடா காத்திருக்காது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

இங்கேதான் மூலையில் கிடக்கும் பழைய பென்டியம் பொட்டிக்கு மறுபடி மரியாதை வருகிறது. இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் காணாமல் போய்விட்ட பிசிஐ ஸ்லாட் அதில் இருக்கிறது. பிடி878 சிப் வைத்த மலிவான டிவி டியூனர் கார்டு ஒன்று போதும். வி.சி.ஆரின் மஞ்சள் வயரைக் கார்டில் சொருகினால் படம் வந்துவிடும். ஒலிக்கான சிவப்பு, வெள்ளை வயர்கள் சவுண்ட் கார்டின் நீல நிற லைன்-இன் துளைக்குப் போக வேண்டும். ரோஸ் நிற மைக் துளையில் சொருகினால் தாத்தா குரல் கரகரக்கும் :-)

வயர் மாட்டுவது சுலபம். கணக்குதான் உதைக்கும். மலிவுக் கார்டு படத்தைச் சுருக்காது. அப்படியே பொட்டியின் தலையில் கொட்டிவிடும். பால் முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். 720×576 அளவில் பிடித்தால் நொடிக்குச் சுமார் 21 எம்பி, மணிக்கு 75 ஜிபி! பழைய ஹார்ட் டிஸ்க் இந்த வேகத்தில் எழுத முடியாமல் திணறும். திணறினால் ஃபிரேம்கள் விழும். வாயசைவு ஓரிடம், பேச்சு ஓரிடம் என்று ஆகிவிடும்.

தப்பிக்க வழி இருக்கிறது. விஎச்எஸ் கேசட்டில் அகலவாக்கில் சுமார் 240 கோடுகள் அளவுக்குத்தான் நுணுக்கம் உண்டு. அதனால் 352×576 அளவில் பிடித்தாலே பெரிய இழப்பில்லை, சுமை பாதியாகிவிடும். தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யூவ் கோடெக்கைச் சேர்த்தால் அதிலும் ஏறத்தாழ பாதி. டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்வது முக்கியம். ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. விர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருள், விழுந்த ஃபிரேம்களை எண்ணிக் காட்டும். எண்ணிக்கை ஏறினால் நிறுத்திவிட்டு, மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு மறுபடி தொடங்கலாம். எக்ஸ்பிக்கு 2014-லேயே ஆதரவு முடிந்துவிட்டதால் பொட்டியை இணையத்தில் இணைக்காமல் இருப்பது நல்லது. டிவிடிக்கோ போனுக்கோ ஏற்றபடி சுருக்குவதைப் பிறகு வேறு கணினியில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேர கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பந்தியில் இலை போடுகிறவர் யார், மணமேடைக்குப் பின்னால் சிரிக்கிற பெண் யார் என்று அவருக்குத்தான் தெரியும். அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டும் அதை மட்டும் பிடித்துத் தராது.